அமரர் ஊர்திக்கு எந்தச் சக்கரம்?

1984இல் வந்த ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்தில் பேய் பிடிக்கக் கிளம்பும் நண்பர்களில் ஒருவர் ஒரு பழைய வண்டியை வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். விலை 4,800 டாலர். வாங்கிய கையோடு அதற்கு என்னென்ன வேலை இருக்கிறது என்று ஒப்பிப்பார்: சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங் பாக்ஸ், டிரான்ஸ்மிஷன், சைலன்சர், வயரிங். பட்டியல் நீளம்தான். ஆனால் சக்கரம் அதில் இல்லை. இப்படியொரு வண்டியை நிஜமாகவே வாங்கி வாசலில் நிறுத்தியவருக்குத் தெரியும், அந்தப் பட்டியலில் விட்டுப்போனதுதான் அதிகம் அலைய வைக்கும் என்று. பிரேக்கையும் வயரிங்கையும் கெட்டிக்கார மெக்கானிக் யாராவது பார்த்துக்கொள்வார். சக்கரத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

படத்தில் வரும் வண்டி 1959ஆம் ஆண்டு கேடிலாக். கேடிலாக் என்றதும் சொகுசுக் கார்தான் நினைவுக்கு வரும். இது அந்த வகை அல்ல. அமெரிக்காவில் அமரர் ஊர்தி, ஆம்புலன்ஸ், மலர்வளையம் ஏற்றும் வண்டி, அமரர் ஊர்தியாகவும் ஆம்புலன்ஸாகவும் மாறி மாறி ஓடும் கூட்டு வண்டி என எல்லாவற்றையும் சேர்த்து ‘புரொஃபெஷனல் கார்’ என்பார்கள். கேடிலாக் கம்பெனி இவற்றை முழுதாகச் செய்ததில்லை. நீளமான, கனத்த சட்டம், எஞ்சின், அச்சுகள், முன்பக்க முகம், நான்கு சக்கரம் ஆகியவற்றை மட்டும் பூட்டி அனுப்பிவிடும். ‘கமர்ஷியல் சேசிஸ்’ என்று அதற்குப் பெயர். மேலே உடம்பு கட்டும் வேலை வேறு ஆட்களுடையது. ஒஹாயோ மாநிலத்தில் மட்டும் பிக்குவா ஊரில் மில்லர்-மீட்டியர், லைமாவில் சுப்பீரியர், சின்சினாட்டியில் ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட் என்று மூன்று பெரிய கூடுகட்டும் பட்டறைகள் இருந்தன. படத்தில் வருவது மில்லர்-மீட்டியர் கட்டியது. பேக்கார்ட் சட்டத்தின் மீது இல்லினாய் மாநிலத்து ஹென்னி கட்டிய வண்டிகளும் உண்டு.

ஆம்புலன்ஸும் அமரர் ஊர்தியும் ஒரே குடும்பமானது எப்படி என்று கேட்பீர்கள். 1960கள் வரை அமெரிக்கச் சிற்றூர்கள் பலவற்றில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்களே இறுதிச்சடங்கு நிலையத்தார்தான். ஓர் ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுபோகக்கூடிய வண்டி ஊரில் அவர்களிடம்தான் இருந்தது. நோயாளி பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் வண்டி ஒன்றே என்று அந்தக் காலத்தில் கேலி பேசியிருப்பார்கள். 1966இல் விபத்து மரணங்கள் பற்றி அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்பின் விதிகள் இறுகின. 1974இல் மத்திய அரசு ஆம்புலன்ஸுக்கென்று தனித் தர நிர்ணயம் கொண்டுவந்தது. வேன்களும் டிரக்குகளும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, கார் உடம்பு ஆம்புலன்ஸ் 1970களோடு முடிந்தது. மிஞ்சிய வண்டிகளைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் 1976இல் தங்களுக்கென்று ‘புரொஃபெஷனல் கார் சொசைட்டி’ என்ற சங்கமே தொடங்கினார்கள்.

இனிச் சக்கரத்துக்கு வருவோம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கணக்கு இருக்கிறது.

1959இல் கேடிலாக் விற்ற மொத்த வண்டிகள் ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் கமர்ஷியல் சேசிஸ் சுமார் இரண்டாயிரம்தான். ஆக, அதே ஆண்டுக் கேடிலாக் சக்கரம் காயலான் கடையில் கிடைத்தால் அது சாதாரணக் காரிலிருந்து கழற்றியதாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அது மாட்டினாலும் தாங்க வேண்டுமே! அமரர் ஊர்தி என்பது மாப்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மூட்டை தூக்குகிற ஆள் மாதிரி. பார்வைக்குச் சொகுசுக் கார், சுமப்பது சிறு லாரியின் பாரம். நீளம் இருபது அடிக்கு மேல், எடை மூன்று டன்னை ஒட்டி. வண்டியின் நெற்றியில் எழுதியிருக்கும் பெயரை வைத்துச் சக்கரம் வாங்காதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். ஹப்பில் எடுக்கும் அளவும் அச்சில் ஏறும் பாரமும்தான் பேச வேண்டும்.

முதல் அளவு, போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம். பட்டறையில் பி.சி.டி. என்பார்கள். நான்கு போல்ட் அல்லது ஆறு போல்ட் என்றால் எதிரும் புதிருமாக டேப் பிடித்து அளந்துவிடலாம். ஐந்து போல்ட்டில் நேர் எதிரே போல்ட் இருக்காது. கண்ணளவில் குறுக்கே பிடித்து ஒரு எண்ணைச் சொல்லி ஏமாறுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். சரியான வழி இது: அடுத்தடுத்த இரண்டு போல்ட்டுகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே அளந்து, வந்த எண்ணை 1.701ஆல் பெருக்குங்கள். 74.6 மி.மீ. வந்தால் வட்டம் 127 மி.மீ., அதாவது ஐந்து அங்குலம். 70.9 வந்தால் 120.65, அதாவது நாலே முக்கால் அங்குலம். 67.2 வந்தால் 114.3, நாலரை அங்குலம்.

முதல் இரண்டுக்கும் நடுவே போல்ட்டுக்குப் போல்ட் வித்தியாசம் நான்கு மி.மீ.கூட இல்லை. வேடிக்கை அதுதான். கேடிலாக்கின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய கார்கள் பலவற்றில் 127; ஷெவர்லேயின் சாதாரணக் கார்கள் பலவற்றில் 120.65. இரண்டும் ஐந்து போல்ட், இரண்டும் 15 அங்குலம், இரண்டும் கறுப்புப் பெயின்ட். கடைக்காரர் கையில் எடுத்துக் காட்டினால் அண்ணன் தம்பிபோல இருக்கும். ஓட்டையைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் ஏறிவிடும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நட்டின் கூம்புமுகம் உட்காருகிற குழியில்தான் சக்கரத்தின் பிடிப்பு இருக்கிறது. ஓட்டையை நீட்டினால் அந்தக் குழி போய்விடும்.

இன்னொரு பொறி 1985க்குப் பிந்தைய கேடிலாக். அந்த ஆண்டில் டிவில் என்ற கேடிலாக் மாடல் முன்சக்கர இழுவைக்கு மாறியது. அதன் பி.சி.டி. 115 மி.மீ. சக்கரத்தின் குழிவும் முற்றிலும் வேறு. காயலான் கடைகளில் ‘கேடிலாக் வீல்’ என்று கேட்டால் இன்று எளிதாகக் கையில் வருவது இந்தத் தலைமுறைதான். பழைய ஊர்திக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அப்புறம் அந்த ஹப்பே உங்கள் வண்டியோடு பிறந்ததுதானா என்று பாருங்கள். இவை அறுபது வருஷத்தில் பல கை மாறிய வண்டிகள். இறுதிச்சடங்கு நிலையம் கழித்துவிட, பாட்டுக்குழு ஒன்று வாங்கி ஓட்டியிருக்கும். பிறகு ஏதாவது கொட்டகையில் வருஷக்கணக்காக நின்றிருக்கும். நடுவில் யாரோ பின் அச்சை மாற்றியிருக்கலாம். ஆகவே முன்னும் பின்னும் தனித்தனியாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சக்கரம் உள்ளே எவ்வளவு போகிறது, வெளியே எவ்வளவு நிற்கிறது என்பது. ரிம்மைக் குப்புறப் போட்டு, பின்விளிம்பின் மேல் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, அங்கிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் வரை அளந்தால் அது பேக்ஸ்பேசிங். ‘ஆறு அங்குல ரிம்’ என்றால் டயரின் ஓரங்கள் உட்காரும் இடங்களுக்கு நடுவே ஆறு. வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு அளந்தால் ஏழு வரும். அதில் பாதி மூன்றரை. பேக்ஸ்பேசிங் நான்கு என்றால், முகம் நடுக்கோட்டிலிருந்து அரை அங்குலம் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது, அதாவது ஆஃப்செட் கிட்டத்தட்ட 13 மி.மீ.

இது ஏன் முக்கியம்? சக்கரம் வெளியே தள்ளி நின்றால் பாரம் பேரிங்கின் நடுவே இறங்காமல் ஓரத்தில் தொங்கும். சின்னக் காரில் அது சில வருஷம் தெரியாமல் போகும். மூன்று டன் வண்டியில் பேரிங்கும் ஸ்டட்டும் அதற்கு விலை கொடுக்கும். உள்ளே தள்ளினாலோ டயர் ஸ்பிரிங்கிலோ பிரேக் டிரம்மிலோ உரசும். 1960களின் கடைசியில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தபோது ரிம்மின் உட்குழிவும் அதற்கேற்ப மாறியது. டிரம் காலத்துச் சக்கரம் டிஸ்க் காலிப்பர் மேல் ஏறாமல் நிற்பது அதனால்தான். ஊர்திகளுக்கென்று தனித் தொல்லை ஒன்றும் உண்டு. பின்சக்கரத்தின் மேல் தகடு தாழ இறங்கியிருக்கும். டயர் அரை அங்குலம் அகலமானாலும், பஞ்சர் ஆன அன்றைக்குச் சக்கரத்தை வெளியே உருவ முடியாது. வாங்கும் முன்பே ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது பாரம். இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

வண்டி, ஆட்கள், உள்ளே பெட்டி எல்லாம் சேர்த்து 3,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சில் 55 சதவீதம் இறங்கினால் 1,760. ஒரு பின்சக்கரத்துக்கு 880 கிலோ. 1970களில் பெரிய கார்களுக்கு வந்த எல்78-15 என்ற டயரின் இடத்தில் இன்று பலரும் போடுவது 235/75 ஆர்15. விட்டம் கிட்டத்தட்ட அதேதான், 733 மி.மீ. அருகில். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. அதன் சாதாரணக் கார் ரகத்தில் பாரக் குறியீடு 105 என்று இருக்கும். அதற்கு அர்த்தம் 925 கிலோ. 880க்கு 925 போதுமே என்று தோன்றும். ஆனால் கார் டயரை லாரி வகை வண்டியில் போட்டால் தாங்குதிறனை 1.1ஆல் வகுக்க வேண்டும் என்று அமெரிக்கத் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. லாரியின் வேலை கடினம் என்பதால் வைத்த விதி. காகிதத்தில் ஊர்தி கார்தான் என்றாலும், அதன் வேலையைப் பார்த்து அந்த விதியை இங்கேயும் பிடிக்கச் சொல்வேன். வகுத்தால் 841. போதவில்லை.

அதே அளவில் எல்டி என்று தொடங்கும் லாரி ரக டயர் உண்டு. அதில் ‘சி’ வகுப்பின் குறியீடு 104, அதாவது 900 கிலோ. எண் ஒன்று குறைவாகத் தெரிந்தாலும் இதற்கு வகுத்தல் கிடையாது. பக்கச்சுவரும் விறைப்பு. வளைவில் கூடு ஆடுவது குறையும். ஒரு சுற்றுச் சின்னதாக, 225/75 ஆர்15 போட்டால் பாரக் குறியீடு 102, வெறும் 850 கிலோ. விலை குறைவு என்று அதை மாட்டிவிட்ட ஊர்தியைக் கண்டால் நான் பின்னால்கூட ஓட்டிப் போக மாட்டேன்.

ஆனால் டயர் வாங்கியதோடு விஷயம் முடியவில்லை. அந்த 900 கிலோ 50 பவுண்டு காற்றழுத்தத்தில்தான். சாதாரணக் கார் டயர் 35 பவுண்டில் வேலை செய்வது. 35க்கென்று செய்த மெல்லிய தகட்டு ரிம்மில் 50 அடித்தால் ரிம்தான் பலவீனமான கண்ணி ஆகும். டயரைப் பலமாக்கினால் சக்கரமும் பலமாக இருந்தாக வேண்டும். சாதாரணக் கேடிலாக் காரின் ரிம் ஏறுகிறதே என்று மாட்டக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

பழைய ரிம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தட்டு ரிம்மோடு ரிவெட் அடித்துச் சேர்த்ததா, வெல்டிங்கா என்று முதலில் பாருங்கள். ரிவெட் துருப்பிடித்தால் அந்த வழியாகக் காற்று கசியும். அதில் ட்யூப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். அமெரிக்கக் கார்களில் ட்யூப் இல்லாத டயர் 1955ஐ ஒட்டித்தான் பரவலானது. அதற்கு முந்திய ரிம்மைப் பிந்திய வேலைக்கு எடுக்கும்போது யோசிக்க வேண்டும். ரேடியல் டயர் வேறு ஒரு கதை. பழைய ரிம்கள் குறுக்குநூல் டயருக்கென்று கணக்கிட்டவை. ரேடியல் வளைவில் ரிம்மைப் பிடித்து இழுக்கும் விதமே வேறு. ரிம் நெளிந்து கொடுக்கும்போது பளபளக்கும் வீல் கேப் நகர்ந்து நகர்ந்து ஒருநாள் தெருவில் உருண்டு ஓடிவிடும். அசல் கேப்புக்கு மறுபடி தேடல்! கேப்பின் பற்கள் ரிம்மின் உள்விளிம்பில் கடித்து நிற்பவை. அந்த விளிம்பின் வடிவம் ஒத்துப்போகாத ரிம் எவ்வளவு பலமாக இருந்தாலும் வண்டியின் முகத்தைக் கெடுத்துவிடும். மறுசீரமைப்பு செய்கிறவர்களுக்கு இது சின்ன வருத்தமில்லை.

சுத்தியலால் தட்டிப் பார்ப்பது பழைய ஆட்களின் வழக்கம். அதோடு நிற்காதீர்கள். பெயின்டை முழுக்க எடுத்துவிட்டு நட்டு ஓட்டைகளைச் சுற்றியும், தட்டில் காற்றோட்டத்துக்கு வெட்டிய சன்னல்களின் மூலைகளிலும், வெல்டிங் ஓரத்திலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது காயலான் கடைக்கே திரும்பட்டும். விரிசலின் மேல் வெல்டிங் வைத்துத் தரும் பட்டறை இருக்கத்தான் செய்யும், ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓட்டை நீள்வட்டமாகியிருந்தாலும் அதே தீர்ப்பு. கோணலை ஹப்பில் மாட்டிச் சுழற்றிப் பார்த்தால் தெரியும். திரும்பப் பெயின்ட் அடிக்கும்போது நட்டு உட்காரும் குழியிலும் ஹப் முகத்திலும் தடியாகப் பவுடர் கோட்டிங் வேண்டாம். ஓட ஓட அந்தப் பூச்சு நசுங்கும், நட்டு தளரும். புதிதாக மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை நூறு கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி முறுக்குவது எப்போதுமே நல்ல பழக்கம். 1960களின் கிறைஸ்லர் குடும்ப வண்டிகளில் இடப்பக்க நட்டுகள் இடமரை. அது தெரியாமல் நீளக் கம்பி போட்டு முறித்த ஸ்டட்டுகள் உலகத்தில் நிறைய.

எங்கே தேடுவது என்ற கேள்விக்கு நேரான விடை, இன்னொரு ஊர்தியிடம். துருவில் கரைந்து, இனிமேல் எழுந்திருக்காது என்று ஆன அமரர் ஊர்தியை உதிரிக்காகவே வாங்குவது இந்த வட்டாரத்தில் சகஜம். நான்கு சக்கரமும் ஒரு ஸ்டெப்னியும் மொத்தமாகக் கிடைக்கும். அமெரிக்கக் காயலான் கடைகளில் 1930களிலிருந்து ஹாலண்டர் என்ற உதிரிபாகப் பொருத்தப் புத்தகம் புழங்குகிறது. எந்த வண்டியின் எந்தப் பாகம் வேறு எதற்குப் பொருந்தும் என்பது அதில் அட்டவணையாக இருக்கும். உங்கள் வண்டிக்குக் கமர்ஷியல் சேசிஸ் என்று தனி வரி இருக்கிறதா என்று பார்த்து, அதை மட்டும் நம்புங்கள். டயருக்கு டென்னசி மாநிலத்தில் 1958இல் தொடங்கிய கோக்கர் டயர் போன்றவர்கள் பழைய அளவுகளைப் புதிதாக அச்சில் வார்த்துத் தருகிறார்கள். வெள்ளைப்பட்டை டயரும் கிடைக்கும்.

ஷெவர்லே சி-10 பிக்கப் சக்கரத்தைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். 1971 முதல் 1987 வரை வந்த இருசக்கர இழுவை வண்டிகளில் பி.சி.டி. 127தான். லாரிக்கென்று செய்தது, பாரம் தாங்கும். ஒதுக்கித் தள்ள வேண்டிய யோசனை அல்ல. ஆனால் பேக்ஸ்பேசிங்கும், நடுத்துளையும், கேப் பிடிக்கும் விளிம்பும் தனித்தனியாகச் சரிபார்த்த பிறகே. அசல் கேப் வேண்டாம், ஓடினால் போதும் என்பவருக்கு இது நல்ல வழியாகவும் அமையலாம்.

அதைவிட எனக்குப் பிடித்த வழி, அசல் நடுத்தட்டை வைத்துக்கொண்டு வெளிவளையத்தை மட்டும் மாற்றுவது. தட்டு நன்றாக இருந்து வளையம் துருவில் போயிருந்தால், சக்கரம் செய்யும் பட்டறையில் பழைய வளையத்தை அறுத்து எடுத்துவிட்டுப் புதியதைப் பூட்டி வெல்டிங் வைத்துத் தருவார்கள். ஹப்பில் ஒட்டும் முகமும் போல்ட் ஓட்டைகளும் தொழிற்சாலையில் செய்தவையாகவே இருக்கும். ஆஃப்செட்டையும் நாம் சொல்கிறபடி வைத்துக்கொள்ளலாம். செலவு உண்டு. வண்டிச் சக்கரமே தொழிலாக உள்ளவரிடம்தான் போக வேண்டும், கேட் செய்கிறவரிடம் போகக் கூடாது. வளையத்தின் பார வரம்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடாப்டர் என்று ஒன்று விற்கிறார்கள். ஒரு பி.சி.டி.யை இன்னொன்றாக மாற்றும் நடுத்தட்டு. சக்கரத்தை அது மேலும் வெளியே தள்ளும், ஒன்றுக்கு இரண்டு வரிசை நட்டுகளை நம்பச் சொல்லும். மூன்று டன் வண்டிக்கு வேண்டாம்.

பழைய ஊர்தி வாங்கும்போது டயரின் பள்ளங்கள் ஆழமாக இருக்கின்றனவே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். இவை ஓடியதைவிட நின்றதே அதிகம். பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முன் செய்த டயர், அதில் சாலைக்கு வரக்கூடாது.

தொலைவிலிருந்து சக்கரம் வாங்குகிறீர்கள் என்றால் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் மேல் டேப் வைத்தது ஒன்று, குப்புறப் போட்டுப் பேக்ஸ்பேசிங் அளப்பது ஒன்று, நட்டுக் குழிகளைக் கிட்டத்தில் எடுத்தது ஒன்று. எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். “கேடிலாக் வீல்தான், ஏறிவிடும்” என்பதற்கு மேல் பதில் வரவில்லையானால் பணம் அனுப்பாதீர்கள்.